இரட்டை எஞ்சின் சிறுவிமானத்தை நிறுத்தும்போது எரிபொருள் செலக்டரை எந்த நிலையில் விடுவது: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களிலிருந்து வணிக விமானி உரிமத்துக்குப் பயிற்சி பெறச் செல்லும் நம் பிள்ளைகள், ஒற்றை எஞ்சின் விமானத்தில் தேறி இரட்டை எஞ்சின் விமானத்துக்கு மாறும் கட்டத்தில், ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள். பறந்து முடித்து, எஞ்சின்களை அணைத்து, விமானத்தை விட்டு இறங்கும்போது எரிபொருள் செலக்டர்களை, அதாவது எஞ்சினுக்குப் போகும் எரிபொருளைத் திறந்து மூடும் வால்வுகளின் பிடிகளை, ஆன் நிலையிலேயே விடுவதா, ஆஃப் நிலைக்குத் திருப்புவதா என்பதே அந்தக் கேள்வி. ஒரு பயிற்றுநர் ஒன்றைச் சொல்கிறார், இன்னொருவர் வேறொன்றைச் சொல்கிறார், பராமரிப்புப் பிரிவிலிருப்பவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறார். மூவரும் காரணத்தோடுதான் பேசுகிறார்கள். அந்தக் காரணங்களை வரிசையாக எடுத்து வைத்து, இறங்கியதிலிருந்து அடுத்த புறப்பாடு வரை கை செய்ய வேண்டிய வேலையை ஒவ்வொரு படியாக விளக்குவதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

முதலில் ஓர் எல்லையைக் குறித்துவிடுகிறேன். விமானத்தின் கையேடு எதைச் சொல்கிறதோ அதுவே முடிவு. இங்கே நான் சொல்லும் எதுவும் உங்கள் கையேட்டோடு முரண்பட்டால், கையேட்டையே பின்பற்றுங்கள். கையேடு மௌனமாக இருக்கும் இடங்களில்தான் பழக்கம் என்ற ஒன்று தேவைப்படுகிறது.

செலக்டர் என்ன செய்கிறது

பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் பைப்பர் செமினோலை எடுத்துக்கொள்வோம். இரண்டு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 180 குதிரைத்திறன். ஒவ்வோர் எஞ்சின் கூட்டின் பின்பகுதியிலும் ஒரு தொட்டி; தொட்டிக்கு 55 அமெரிக்க கேலன், அதில் பயன்படுத்தக்கூடியது 54. முன்னிருக்கைகளுக்கு நடுவே இரண்டு பிடிகள் இருக்கின்றன, இடது எஞ்சினுக்கு ஒன்று, வலது எஞ்சினுக்கு ஒன்று. ஒவ்வொரு பிடிக்கும் மூன்று நிலைகள். ஆன் நிலையில் அந்த எஞ்சின் தன் பக்கத்துத் தொட்டியிலிருந்து எரிபொருளை எடுக்கிறது. ஆஃப் நிலையில் எங்கிருந்தும் எடுப்பதில்லை. கிராஸ்ஃபீட் நிலையில் எதிர்ப்பக்கத்துத் தொட்டியிலிருந்து எடுக்கிறது.

மூன்றாவது நிலையை ஊன்றிப் படிக்க வேண்டும். இடது பிடியை மட்டும் கிராஸ்ஃபீட்டில் வைத்தால், இரண்டு எஞ்சின்களும் வலது தொட்டியையே உறிஞ்சுகின்றன. இடது தொட்டி நிறைந்திருந்தும் தொடப்படாமல் கிடக்கிறது. வலது தொட்டி வற்றும்போது இரண்டு எஞ்சின்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நின்றுபோகும். இரண்டு எஞ்சின் இருப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு முழுவதையும் ஒரு பிடி அழித்துவிட முடியும் என்பதை மாணவர்கள் படம் வரைந்து பார்த்த பிறகுதான் முழுமையாக உணர்கிறார்கள். ஆகவே, உங்கள் விமானத்தின் எரிபொருள் வரைபடத்தைக் கையேட்டைப் பார்க்காமல் ஒரு தாளில் வரையப் பழகுங்கள். அதை வரைய முடியாதவர் அந்தப் பிடியைத் தொடும் நிலைக்கு இன்னும் வரவில்லை என்பது என் கருத்து.

கிராஸ்ஃபீட் என்பது, ஓர் எஞ்சின் செயலிழந்த பிறகு அந்தப் பக்கத்து எரிபொருளை மற்ற எஞ்சினுக்குக் கொடுத்துப் பறக்கும் தூரத்தைக் கூட்டவும், இறக்கைகளின் எடையைச் சமன்செய்யவும் ஏற்பட்ட வசதி. பெரும்பாலான சிறு இரட்டை எஞ்சின் விமானங்களில் அதைச் சமநிலைப் பறப்பில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. புறப்படும்போதும் இறங்கும்போதும் அதற்கு இடமில்லை. நிறுத்திவைக்கும்போதும் இடமில்லை.

மூடிய வால்வோடு எஞ்சின் ஏன் ஓடுகிறது

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். செலக்டர் ஆஃப் நிலையில் இருந்தால் எஞ்சின் கிளம்பாது, அதனால் தவறு உடனே தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையல்ல. தோட்டத்தில் பழைய ஹொண்டா கப்சாய் (சிறு மோட்டார்சைக்கிள்) ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: எண்ணெய்க் குழாயை மூடியிருப்பதை மறந்து உதைத்தாலும் வண்டி கிளம்பும், லயத்தைத் தாண்டும், பெரிய சாலை முச்சந்திக்குப் போய்த்தான் இருமி நிற்கும். கார்புரேட்டர் கிண்ணத்திலும் குழாயிலும் மிஞ்சியிருந்த பெட்ரோல் அதுவரை அதை ஓட்டியிருக்கும்.

விமானத்தில் கணக்கு இன்னும் கொடியது. 180 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று மெதுவாகத் தரையில் ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ 6 லிட்டர் எரிக்கிறது, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டரில் பத்தில் ஒரு பங்கு. எஞ்சின் வலுவைக் கூட்டும் பிடியான திராட்டிலை முழுவதும் தள்ளிப் புறப்படும்போது அதே எஞ்சின் மணிக்கு 55 முதல் 60 லிட்டர் வரை, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் எரிக்கிறது. வால்வுக்கு அப்பால் குழாயிலும் வடிகட்டியிலும் கிண்ணத்திலும் சேர்ந்து அரை லிட்டர் மிஞ்சியிருந்தால், அது தரையில் ஐந்து நிமிடத்துக்குப் போதும். ஓடுபாதையில் ஏறத்தாழ அரை நிமிடத்துக்குத்தான் போதும். நிறுத்துத் தளத்திலிருந்து ஓடுபாதை முனைவரை ஒரு குறையுமின்றி ஓடிய எஞ்சின், சக்கரம் தரையை விட்டெழும் வேளையில் நிற்பதற்கான ஏற்பாடு இப்படித்தான் அமைகிறது. எவ்வளவு மிஞ்சும் என்பது வால்வு எங்கே இருக்கிறது, குழாய் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து விமானத்துக்கு விமானம் மாறும். அதை நம்பி எந்தக் கணக்கும் போட முடியாது.

ஒற்றை எஞ்சின் விமானத்தில் இது நேர்ந்தால் மூக்கைத் தாழ்த்தி முன்னால் தெரியும் வெட்டவெளியில் இறங்கப் பார்க்கலாம். இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரு பிடி ஆனிலும் மற்றது ஆஃபிலும் இருந்தால் ஒரு பக்கம் முழு வலுவோடு இழுக்கிறது, மறுபக்கம் நிற்கிறது. மூக்கு நின்ற பக்கம் திரும்புகிறது, அந்தப் பக்கத்து இறக்கை சரிகிறது. வேகமானியில் சிவப்புக் கோடாகக் குறிக்கப்பட்ட குறைந்தபட்சக் கட்டுப்பாட்டு வேகத்துக்குக் கீழே வந்துவிட்டால் சுக்கானால் அதைத் தடுக்க முடியாது. வலுவில் பாதி போனால் ஏறும் திறனில் பாதிதான் போகும் என்று நினைப்பதும் தவறு. ஏறும் திறனில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ போய்விடுகிறது. செமினோல் முழு எடையில் ஓர் எஞ்சினோடு கடல் மட்டத்தில், தரநிலை வெப்பத்தில் நிமிடத்துக்கு இருநூறு அடியளவே ஏறும். கிந்தா சமவெளியின் நண்பகல் வெயிலில் அதுவும் குறையும், சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள் வேறு நிற்கின்றன.

ஆகவே, இரண்டு பிடிகளும் ஒன்றுபோல இருப்பதும், அவை இருக்கும் நிலையை அடுத்த விமானி முன்கூட்டியே அறிந்திருப்பதும், ஆனா ஆஃபா என்ற வாதத்தைவிட முக்கியமானவை.

ஆனா, ஆஃபா

ஆஃப் நிலையை ஆதரிப்பவர்களின் வாதம் வலுவற்றது அல்ல. கார்புரேட்டரின் மிதவை ஊசி தேய்ந்திருந்தால், வால்வு திறந்திருக்கும்வரை எரிபொருள் கசிந்துகொண்டே இருக்கும். இரவு முழுவதும் எஞ்சின் கூட்டுக்குள் சொட்டும் பெட்ரோல் தீக்கு அழைப்பு. குழாய் இணைப்பு தளர்ந்திருந்தாலும் அப்படியே. மேலும், திருப்பப்படாத வால்வு காலப்போக்கில் இறுகிவிடும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் காய்ந்து ஒட்டிக்கொண்டால், எஞ்சின் தீப்பற்றி எரியும்போது அவசரமாக ஆஃப் செய்ய வேண்டிய பிடி அசையாது. இந்தக் கடைசிக் காரணத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆன் நிலையை ஆதரிப்பவர்கள் மேலே சொன்ன அரை லிட்டர் கணக்கைக் காட்டுகிறார்கள். எவரும் மூடாத வால்வைத் திறக்க மறக்க முடியாது என்பது அவர்கள் வாதம்.

என் தீர்ப்பு இது. ஒரே நாளில் பலர் கைமாற்றிப் பறக்கும் பயிற்சி விமானத்தில், கையேடு வேறு சொல்லாதவரை, இரண்டு பிடிகளையும் ஆனில் விடுவதே சரி. ஒருவர் மட்டுமே பறக்கும் சொந்த விமானம் நாள்கணக்கில் கூடாரத்துக்குள் நிற்குமானால் ஆஃப் செய்வதற்கு நியாயம் உண்டு. பராமரிப்பு வேலை நடக்கும்போது ஆஃப் செய்தே ஆக வேண்டும், ஆனால் அதற்குரிய எச்சரிக்கை அட்டையோடு. வால்வு இறுகாமலிருக்க அதைத் திருப்பிப் பார்க்கும் வேலையை நிறுத்தும்போதும் புறப்படுமுன்பும் செய்யும் சோதனைக்குள் சேர்த்துவிடலாம். அதற்காக இரவு முழுவதும் மூடி வைக்க வேண்டியதில்லை. எந்தக் கட்சியை ஏற்றாலும், ஒரே நிலையத்தில் நிற்கும் ஒரே வகை விமானங்களில் இரண்டு பழக்கங்கள் இருக்கக் கூடாது.

விமானத்துக்கு விமானம் உள்ள வேறுபாடுகள்

பழைய பைப்பர் ட்வின் கொமாஞ்சியில் ஒவ்வொரு பக்கமும் 30 கேலன் முதன்மைத் தொட்டியும் 15 கேலன் துணைத் தொட்டியும் உண்டு. அங்கே எரிபொருளைத் திறந்து வைப்பது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருக்கிறது. துணைத் தொட்டி சமநிலைப் பறப்புக்கு மட்டுமே உரியது, புறப்படுவதற்கு அன்று. ஆகவே நிறுத்தும்போது பிடிகள் முதன்மைத் தொட்டியில் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

செஸ்னா 310 இன்னும் நுட்பமானது. அதில் முதன்மைத் தொட்டிகள் இறக்கை நுனியில் இருக்கின்றன. எஞ்சின் பம்பு தேவைக்கு மேல் எடுக்கும் எரிபொருளும் ஆவியும் எந்தத் தொட்டி தேர்வாகியிருந்தாலும் முதன்மைத் தொட்டிக்கே திரும்பிப் போகின்றன. முதன்மை நிறைந்திருக்கும்போதே துணைத் தொட்டிக்கு மாற்றினால், திரும்பி வரும் எரிபொருளுக்கு இடமின்றி அது காற்றுத் துளை வழியாக வெளியே கொட்டும். முந்தையவர் துணைத் தொட்டியில் விட்டுப்போன பிடியைக் கவனிக்காமல் முழுத் தொட்டிகளோடு புறப்படுபவர், எரிபொருளை வானில் சிந்திக்கொண்டே போவார்.

டயமண்ட் டிஏ42 விமானம் ஜெட் ஏ-1 எரிபொருளில் ஓடும் டீசல் வகை எஞ்சின்களைக் கொண்டது. அதில் செலக்டரை மூடி எஞ்சினை அணைக்கக் கூடாது. உயரழுத்த எரிபொருள் பம்பு கெட்டுப்போகும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. செமினோலிலிருந்து அதற்கு மாறும் மாணவர்கள் இந்த ஒரு வரியை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஒற்றை எஞ்சின் செஸ்னா 172 வகையில் கற்ற பழக்கமும் இங்கே இடறும். அதில் இரண்டு தொட்டிகளும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், நிறுத்தி வைக்கும்போது எரிபொருள் ஒரு பக்கம் ஓடாமலிருக்கச் செலக்டரை இடது அல்லது வலது நிலையில் விடச் சொல்கிறது கையேடு. அந்த நினைவோடு இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரு பிடியை மட்டும் திருப்பிவிட்டு இறங்குபவர்கள் உண்டு. அங்கே சரியானது இங்கே ஆபத்து.

பிடி இருக்கும் இடமும் வடிவமும்கூட உயிரோடு தொடர்புடையவை. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாக் கடலோரத்தில் லாங்-ஈஸி என்ற ஒற்றை எஞ்சின் விமானம் விழுந்து இறந்தார். எரிபொருள் செலக்டரின் பிடி அவருடைய இடத்தோளுக்குப் பின்னால், நிலைக்குறிகள் ஏதும் இன்றி அமைக்கப்பட்டிருந்தது. அதை எட்டித் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, வலது சுக்கான் மிதி அழுந்தி, விமானம் கட்டுப்பாடிழந்தது என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. போதிய எரிபொருள் நிரப்பாமல் புறப்பட்டதையும், பிடியை எட்டாத இடத்தில் அமைத்ததையும் அது துணைக் காரணங்களாகக் குறித்தது. தரையில் இருக்கையிலேயே கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கை அந்தப் பிடிகளைக் கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள்.

படி ஒன்று: இறங்கிய பிறகு, தளத்துக்கு வருமுன்

ஓடுபாதையை விட்டு விலகி நின்றபின், இறங்கிய பிறகுரிய சோதனைப் பட்டியலைப் படிக்கும்போதே பிடிகளைப் பாருங்கள். ஓர் எஞ்சின் செயலிழப்பைப் பயிற்சி செய்த பறப்பாக இருந்தால் இது மிகவும் அவசியம். உயரத்தில் பயிற்றுநர் செலக்டரை மூடி எஞ்சினை நிறுத்தியிருப்பார். மாணவர் செயலிழந்த எஞ்சினைப் பாதுகாக்கும் வரிசையில் அதே பிடியைத் தொட்டிருப்பார். பின்னர் எஞ்சினை மீண்டும் இயக்கி, சில வேளைகளில் கிராஸ்ஃபீட்டையும் காட்டியிருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் அந்தப் பிடிகள் பலமுறை இடம் மாறுகின்றன. பயிற்சி விமானங்களில் பிடி தவறான நிலையில் கிடப்பதற்கு இதுவே பெரிய வாய்ப்பு.

இரட்டை எஞ்சின் விமானத்தின் வாடகை எஞ்சின் ஓடும் நேரத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. வீட்டில் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் பிள்ளைகள், ஒவ்வொரு நிமிடமும் ரிங்கிட்டாகக் கரைவதைப் பார்த்து, சீக்கிரம் அணைக்க அவசரப்படுகிறார்கள். அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பட்டியலை ஓடுபாதையை விட்டு விலகிய இடத்திலேயே நிதானமாகப் படியுங்கள். பெற்றோர் அந்தப் பணத்தைக் கொடுத்தது இந்த நிதானத்தைக் கற்றுக்கொள்ளவும்தான்.

படி இரண்டு: நிற்கும் இடம்

நிறுத்துத் தளங்கள் மழைநீர் வடிவதற்காகச் சற்றுச் சாய்வாகவே போடப்பட்டிருக்கும். இயன்றவரை இரண்டு இறக்கைகளும் சமமட்டத்தில் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சரிவில் நின்றால் தாழ்ந்த பக்கத்துத் தொட்டியின் காற்றுத் துளை வழியே எரிபொருள் சொட்டும். சில அமைப்புகளில், கிராஸ்ஃபீட் வழி திறந்திருந்தால், ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல இறங்கவும் செய்யும். காலையில் இரண்டு பக்கமும் சமமாக இருந்த அளவு மாலையில் மாறியிருப்பதைக் கண்டு அளவுமானி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுமுன், தளத்தின் சாய்வைப் பாருங்கள்.

நம் நாட்டு வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெட்ரோல் பத்துப் பாகை செல்சியஸ் சூடேறினால் அதன் பருமன் ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூடும். 200 லிட்டர் தொட்டியில் அது இரண்டு லிட்டர். விளிம்புவரை நிரப்பி வெயிலில் நிறுத்திய விமானத்தின் கீழே ஈரம் தெரிந்தால், அது கசிவா, வெப்ப விரிவால் வழிந்ததா என்று பிரித்தறியத் தெரிய வேண்டும். காற்றுத் துளையிலிருந்து மட்டும் சொட்டி, நிழல் வந்ததும் நின்றால் அது விரிவு. காற்றுத் துளை அல்லாமல் எஞ்சின் கூட்டின் அடியில் வேறிடத்திலிருந்து வந்தால் அதைக் கசிவு என்றே கொள்ளுங்கள்.

படி மூன்று: அணைத்தல்

மின்னணுக் கருவிகளை அணைத்து, திராட்டிலைக் கையேடு சொல்லும் சுழற்சிக்குக் கொண்டுவந்து, டர்போ பொருத்திய எஞ்சினாக இருந்தால் அது குளிர்வதற்குரிய நேரத்தைக் கொடுத்து, எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் மிக்ஸ்சர் பிடியை முழுவதும் பின்னால் இழுத்து ஒவ்வோர் எஞ்சினாக நிறுத்துங்கள். மிக்ஸ்சரால் அணைக்கும்போது சிலிண்டர்களில் எரிபொருள் மிஞ்சுவதில்லை. பிறகு எவராவது சுழலியை (புரொப்பெல்லரை) கையால் அசைத்தாலும் எஞ்சின் திடீரென உயிர்பெற்று உதைக்கும் வாய்ப்பு குறைகிறது. அதன் பின்னரே எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் சாவிகள், அதன் பின்னர் மின்சாரம் முழுவதையும் துண்டிக்கும் மாஸ்டர் சுவிட்சு.

செலக்டரை மூடி எஞ்சினை நிறுத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. கார்புரேட்டர் எஞ்சினிலும் அது நல்ல பழக்கம் அல்ல. குழாயில் காற்றும் ஆவியும் நிறைந்து, எரிபொருள் பம்பு வறண்டு சுழன்று, வெயிலில் மறுபடி கிளப்பும்போது தொல்லை கொடுக்கும்.

படி நான்கு: கை, கண், வாய்

எல்லாம் அணைந்து சுழலிகள் நின்ற பிறகு, இருக்கையை விட்டு எழுவதற்குமுன், இடது பிடியின்மேல் கையை வையுங்கள். கண்ணால் பாருங்கள். அதை ஆஃப் வரை திருப்பி, மீண்டும் ஆனுக்குக் கொண்டுவந்து, பிடி தன் பள்ளத்தில் பொருந்தி விழுவதை விரலில் உணருங்கள். பிறகு வலது பிடிக்கும் அவ்வாறே செய்யுங்கள். "இடது ஆன், வலது ஆன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அருகில் இன்னொருவர் இருந்தால் அவரும் பார்த்துத் திரும்பச் சொல்லட்டும். உங்கள் நிலையத்தின் விதி ஆஃப் என்றால் சொல் மாறும், செயல்முறை மாறாது.

பள்ளத்தை உணர்வது வெறும் சடங்கு அல்ல. இரண்டு நிலைகளுக்கு நடுவே நிற்கும் வால்வு பாதி திறந்திருக்கும். மெதுவான ஓட்டத்துக்குத் தேவையான எரிபொருளைக் கொடுக்கும், முழு வலுவுக்குத் தேவையானதைக் கொடுக்காது. பிடி வழக்கத்தைவிட இறுக்கமாகவோ, தளர்வாகவோ, பள்ளமே தெரியாமலோ இருந்தால், பிடிக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள கம்பியோ இணைப்போ தேய்ந்திருக்கலாம். அப்போது பிடி ஒன்றைக் காட்டும், வால்வு வேறொன்றில் நிற்கும். எண்ணெய் போட்டுத் தளர்த்தப் பார்க்காதீர்கள். எழுதி வைத்துப் பொறியாளரை அழையுங்கள்.

பிற்பகல் இடிமழை தளத்தின் மறுமுனையில் வெள்ளையாக இறங்கி வருவது தெரியும்போதுதான் இந்தப் படி விடுபட்டுப் போகிறது. நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

படி ஐந்து: எழுதி வைத்தல்

விமானப் பதிவேட்டில் ஒவ்வொரு தொட்டியிலும் மிஞ்சிய அளவைத் தனித்தனியே எழுதுங்கள். மொத்த அளவை மட்டும் எழுதினால் சமமின்மை மறைந்துபோகும். அதனருகே செலக்டர் நிலையையும் ஒரு வரியில் குறித்துவிடுங்கள். பதிவேட்டில் அதற்குத் தனிக் கட்டம் இல்லையென்றால் குறிப்புப் பகுதியில் எழுதலாம்.

படி ஆறு: வெளியே ஒரு சுற்று

சக்கரக் கட்டைகளை வைத்து, இறக்கைகளைக் கட்டி, ஒருமுறை சுற்றி வாருங்கள். எரிபொருள் மூடிகள் இறுகியிருக்கின்றனவா, வடிகால் வால்வுகள் சொட்டாமல் மூடியிருக்கின்றனவா, எஞ்சின் கூட்டின் அடியில் நீலக் கறை தெரிகிறதா என்று பாருங்கள். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் உண்டு, காய்ந்த பின்னும் கறை நிற்கும்.

எஞ்சின் கூட்டடியில் கசிவைக் கண்டால் மட்டும், மேலே சொன்ன ஆன் விதியை ஒதுக்கிவிட்டு அந்தப் பக்கத்துச் செலக்டரை உடனே ஆஃப் செய்யுங்கள். அதோடு அந்த விமானம் சேவையிலிருந்து விலகுகிறது. திராட்டில் பிடிகளின்மேல் சிவப்பு அட்டையைக் கட்டுங்கள், பதிவேட்டில் எழுதுங்கள், பொறியாளரிடம் நேரில் சொல்லுங்கள். மூன்றையும் செய்ய வேண்டும். பராமரிப்புக்காக மூடும்போதும் இதே முறைதான். வேலை முடிந்து அட்டையைக் கழற்றுபவரே பிடியைத் திருப்பி, அதையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

படி ஏழு: அடுத்த புறப்பாடு

அடுத்த நாள் விமானத்தை எடுப்பவர் நீங்களாகவே இருந்தாலும், நேற்று விட்டுப்போன நிலையை நம்பக் கூடாது. இரவில் துப்புரவு செய்தவரோ, இழுத்துச் சென்றவரோ, உள்ளே அமர்ந்து காட்டப்பட்ட விருந்தினரோ பிடியை அசைத்திருக்கலாம். முதலில் இரண்டு பிடிகளையும் தொட்டுப் பாருங்கள்.

பிறகு தொட்டிகளின் அடியிலிருந்து சிறிது எரிபொருளை வடித்து, தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். பேராக்கின் ஈரக்காற்றிலும் இரவு மழையிலும் நின்ற விமானத்தில் இது சாதாரணமாகவே நிகழும். தண்ணீர் கனமானதால் அடியில் தங்கும். கிராஸ்ஃபீட் குழாய் அமைப்பின் தாழ்வான பகுதியில் செல்வதால் அங்கும் தண்ணீர் தேங்கலாம்; அதற்குரிய வடிகால்களையும் மறக்காமல் திறந்து பாருங்கள். சில விமானங்களில் அதை வடிக்கப் பிடியைக் கிராஸ்ஃபீட்டுக்குத் திருப்ப வேண்டியிருக்கும். அப்படித் திருப்பினால், வடித்து முடித்த கையோடு, வேறெந்த வேலையையும் தொடாமல், ஆனுக்குத் திருப்பிவிட்டு மேலே செல்லுங்கள்.

தரையில் ஓடும்போது, கையேடு அனுமதித்தால், ஒரு நேரத்தில் ஒரு பிடியை மட்டும் கிராஸ்ஃபீட்டில் வைத்து எஞ்சின் சீராக ஓடுகிறதா என்று பார்த்து, ஆனுக்குத் திரும்பி, அடுத்த பிடியைச் சோதியுங்கள். இந்தச் சோதனை எஞ்சின் வலுச் சோதனைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். காரணம், வலுச் சோதனையின்போது எஞ்சின்கள் உயர்ந்த சுழற்சியில், புறப்படப்போகும் அதே தொட்டியிலிருந்து, அதே வால்வு வழியாக எரிபொருளை இழுக்க வேண்டும். குழாயில் மிஞ்சியது கரைந்துபோய், வால்வு உண்மையாகவே திறந்திருக்கிறதா என்பது அப்போதுதான் வெளிப்படும். வலுச் சோதனைக்குப் பிறகு செலக்டரைத் தொடாதீர்கள். ஏதோ காரணத்தால் தொட நேர்ந்தால், வலுச் சோதனையை மறுபடி முழுவதும் செய்யுங்கள்.

ஓடுபாதையில் திராட்டிலை முன்னே தள்ளியதும் இரண்டு எரிபொருள் அழுத்தமானிகளையும் ஓட்டமானிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு ஊசிகளும் ஒன்றுபோல நிற்க வேண்டும். ஒன்று தாழ்ந்தால் சக்கரம் தரையில் இருக்கும்போதே இரண்டு திராட்டில்களையும் மூடி நிறுத்துங்கள்; உருண்டுகொண்டே பிடியைத் தேட முயலாதீர்கள்.

இறுதியாக, விமானத்தில் ஏறியதும் பிடி பதிவேட்டில் எழுதியிருப்பதற்கு மாறான நிலையில் இருப்பதைக் கண்டால், அதைச் சரியான நிலைக்குத் திருப்பிவிட்டுப் பேசாமல் புறப்பட்டுவிடாதீர்கள். யாரோ ஒரு காரணத்துக்காகத் திருப்பியிருக்கலாம். கசிவைக் கண்டு மூடியவர் அட்டையைத் தேடி அலுவலகத்துக்குப் போயிருக்கலாம். கீழே இறங்கி எஞ்சின் கூட்டடியைப் பாருங்கள், முந்தைய விமானியையும் பொறியாளரையும் கேளுங்கள், கிடைத்த பதிலைப் பதிவேட்டில் எழுதுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்த விமானம் அன்று காலை தளத்திலேயே நிற்கட்டும்.